நாற்பத்தொன்றில் இருபத்தேழு

கண் உள்ளவர்களுக்குக் கணினியின் முகப்புத் திரை ஒரு வாரச் சந்தை. வாசலில் நின்றபடியே எந்த மூலையில் கத்தரிக்காய், எந்த மூலையில் கருவாடு என்று பார்த்துவிடலாம். எனக்கு அது ரேஷன் கடை வரிசை. கீழ் அம்பு விசையை ஒரு தட்டுத் தட்டினால் வரிசையில் நிற்கும் ஒருவர் முன்னால் வந்து பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டு ஒதுங்குவார். இன்னொரு தட்டுக்கு அடுத்தவர். சொல்வது ஸ்க்ரீன் ரீடர், திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள். அந்தக் குரல் ஆணா பெண்ணா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. ஜலதோஷம் பிடித்த பேங்க் கேஷியர் டோக்கன் நம்பர் கூப்பிடுவதுபோல இருக்கும். "நாற்பத்தொன்றில் மூன்று" என்று சொல்லி நிறுத்தும். பிறகு அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும். அவசரமே கிடையாது.

என் வரிசையில் நாற்பத்தொரு பேர் நிற்கிறார்கள். அவர்களில் இருபத்தேழாவது ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

என் கண் ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கீரனூரில் எங்கள் தெருவிளக்குகள் நாளுக்கு நாள் மங்கி வருகின்றன என்று ஒரு வாரப் பத்திரிகையில் கேலியாக எழுதினேன். தெருவில் வேறு யாருக்கும் அந்தக் குறை இல்லை என்பது கட்டுரை அச்சான பிறகுதான் தெரிந்தது. வார்டு உறுப்பினர் வீட்டுக்கே வந்துவிட்டார். "எல்லாமே புது எல்இடி சார். நீங்க ஒரு தடவை கண்ணக் காட்டிட்டு வாங்க" என்றார். கோபத்தில்தான் சொன்னார். இருந்தாலும் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மருத்துவ ஆலோசனைகளில் சரியானது அதுதான். திருச்சி டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் என்றார், இரண்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றார். இரண்டு வருடம் முன்பு நான் தெருவிளக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டு வயதில், தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய்ப் பார்த்துவந்த ஸ்டோர்ஸ் வேலையை விட்டேன். நகைச்சுவை எழுதுவதை விடவில்லை. அதற்குக் கண் வேண்டியதில்லை, சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஆள் இரண்டு தெரு தள்ளியே இருந்தார்.

அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பதினேழு வருடம் வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. எந்த ஆள் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று கணினியில் ஏற்றுவது. அங்கே பழகிய விரல்கள் என்பதால், நான் ஒரு வாக்கியத்தின் முடிவை யோசித்துக்கொண்டிருக்கும்போதே முன்பாதியை அடித்து முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார். தினமும் காலை பத்துக்கு வருவார், பன்னிரண்டரைக்குப் போவார். நான் அவரை அண்ணே என்பேன். ஆட்கள் இருந்தால் அவர் என்னை எழுத்தாளரே என்பார், இல்லாவிட்டால் தம்பி.

கணினியை அவர் அளவுக்குத் தெரிந்தவரையும் அவர் அளவுக்கு நம்பாதவரையும் நான் பார்த்ததில்லை. வண்டிச் சாவி வளையத்திலேயே ஒரு பென் டிரைவை மாட்டி வைத்திருந்தார். வந்ததும் அதைச் சாவியோடு சேர்த்து என் கணினியில் செருகுவார். அவர் வேகமாக அடிக்கும்போது மேசை ஆடி, சாவிகள் கிணுகிணுக்கும். என் எழுத்துக்கு அமைந்த பின்னணி இசை அது ஒன்றுதான்.

"ஏண்ணே, என் மெஷின்லயே வைக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒங்க மெஷின நம்பி ஒரு ரசச் சட்டியக்கூட வைக்க முடியாது தம்பி. எந்நேரம் கவுத்துமோ."

"கவுந்தா என் எழுத்துதானே?"

"ஒங்க எழுத்து கவுந்தா நாட்டுக்கு நல்லது. என் ஒழப்பு இருக்குல்ல அதுல?"

ஒவ்வொன்றையும் அடித்து முடித்ததும், "முகப்புல போட்டுட்டேன்" என்பார். போட்டுவிட்டார் என்றால் அங்கே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். பெயர் வைப்பதும் அவர் பொறுப்பு. 'ஆசிரியர் திருப்பி அனுப்பியது' என்று ஒன்று இருந்தது. 'ஆசிரியர் மறுபடியும் திருப்பி அனுப்பியது' என்று அடுத்தது. 'சம்சாரம் பார்க்கக் கூடாதது' என்பதில் என் கண் மருந்துச் சீட்டுகள் மட்டும்தான் இருந்தன. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு என் மனைவி அதைத்தான் முதலில் திறந்தாள். இல்லாவிட்டால் அந்தச் சீட்டுகளை யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு அவர் எனக்கு விளக்கினார்.

அப்படி ஒரு நாள் நான் சொல்ல அவர் அடித்ததுதான் 'லீவு மாப்பிள்ளை'.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரரைப் பற்றிய கேலிக் கட்டுரை. வந்த முதல் வாரம் ராஜா, இரண்டாம் வாரம் விருந்தாளி, நான்காம் வாரம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பெட்டி. யாரை வைத்து எழுதுகிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் பெட்டியை, தன் சென்ட் பாட்டிலை, தன் டார்ச் லைட்டை எல்லாம் அவரே சிரித்துக்கொண்டே அடித்தார். ஒரு இடத்தில், "டார்ச் லைட்டு ரெண்டு இல்லை தம்பி, ஆறு. மச்சினனுக்கெல்லாம் யாரு குடுக்கிறது?" என்று திருத்தம்கூடச் சொன்னார்.

கடைசி வரியை மட்டும் நான் வேறு இடத்திலிருந்து எடுத்திருந்தேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கண் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் என்னைக் கூட்டிப் போயிருந்தார். திரும்பும்போது திருச்சி பஸ் நிலையத்தில் கீரனூர் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தோம். அப்போது தன் முதல் லீவைப் பற்றிச் சொன்னார். விட்டுப் போகும்போது மகள் கைக்குழந்தை. திரும்பி வரும்போது மூன்று வயது. மடியில் உட்காரவைத்துச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். அவள் அதை வாங்கிக்கொண்டு, முகம் தெரியாத விருந்தாளியிடம் கேட்பதுபோல, மரியாதை குறையாமல், அவர் எப்போது கிளம்புவார் என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்ட விதம் நான் இங்கே சொல்வதைவிடக் கூர்மையானது. அந்த வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை. ஒரு தடவை எழுதியதே போதும்.

அவர் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு வண்டி வந்தது, ஏறினோம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் முடியவில்லை. நல்ல முடிவு வரிக்கு அலையும் ஆளிடம் அதைச் சொன்னது அவர் செய்த தவறு.

அந்த வரியை நான் சொன்னபோது விசைகளின் சத்தம் ஒரு கணம் நின்றது. மேசையில் சாவிகள் ஓய்ந்தன. பிறகு கேட்டார்:

"முற்றுப்புள்ளியா, ஆச்சரியக்குறியா தம்பி?"

நான் யோசித்தேன். உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்தேன். "ஆச்சரியக்குறி போடுங்கண்ணே" என்றேன். ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது.

கட்டுரையை வழக்கம்போல அவர்தான் பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சில் வந்தது. இரண்டு மூன்று பேர் போன் செய்து பிரமாதம் என்றார்கள். எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. என் மனைவி நான் எழுதுவதைப் படிப்பதில்லை. "வீட்ல கேக்குறது பத்தாதா, காசு குடுத்து வேற வாங்கிப் படிக்கணுமா?" என்பாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவர் என் கணினியில் ஸ்க்ரீன் ரீடரை ஏற்றினார். "இனி நீங்களே அடிச்சுக்கிறலாம். என்னைய எதுக்கு எதிர்பாத்துக்கிட்டு?" என்றார். பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். முகப்பில் இருந்த முக்கியமான சிலவற்றுக்கு ஒரு விசைக்கூட்டு வைத்தார். கண்ட்ரோல், ஆல்ட், கூட ஓர் எழுத்து. "மூணையும் ஒண்ணா அமுக்குனா நேரா அங்க போயிரலாம். வரிசையில நிக்க வேணாம். வி.ஐ.பி. தரிசனம்." பிறகு வருவது வாரம் மூன்று நாளாயிற்று, பிறகு ஒரு நாள். எனக்குச் சுயமாக அடிக்க வந்துவிட்டது என்ற பெருமையில் நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. புதிதாக அடித்தவற்றை வேறு ஃபோல்டரில் வைத்தேன், முகப்பில் இருந்த பழையவற்றைத் திறக்கத் தேவை வரவில்லை.

போன ஆவணியில் அவர் இறந்தார். நெஞ்சுவலி. திருச்சிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இழவு வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவரும் இல்லை, மெஷினும் கவிழ்ந்தால்? மனைவியை அனுப்பி ஒரு புதுப் பென் டிரைவ் வாங்கினேன். முகப்பில் இருந்த அனைத்தையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, ஒட்டினேன். எட்டு வருட எழுத்து. விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே வேலை முடிந்துவிட்டது. நவீன யுகத்தின் வேகத்தை எண்ணி வியந்தேன். அந்தப் பென் டிரைவைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள், பிற்பகல் மூன்று மணி இருக்கும். மனைவி டிவியை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எதையோ அடித்துக்கொண்டிருந்தேன். என் இடது கை விரல்கள் எப்போதும் ஒரு விசை தள்ளித்தான் விழும். என்ன அழுத்தினேன் என்று தெரியவில்லை. கேஷியர் குரல் என் வாக்கியத்தை நடுவில் வெட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தது.

"லீவு மாப்பிள்ளை முழுசு" என்றது. பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று சொன்னது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: இந்தக் குறுக்குவழி காட்டும் பொருள் இடம் மாறிவிட்டது அல்லது இல்லாமல் போய்விட்டது. இந்தக் குறுக்குவழியை நீக்கிவிடலாமா? ஆம். இல்லை.

விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பேய்க்கதைகள் நிறையப் படித்தவன் நான். அவற்றில் இறந்தவர்கள் கதவைத் தட்டுவார்கள், ஜன்னலில் நிற்பார்கள். இறந்தவர் வைத்துவிட்டுப் போன விசைக்கூட்டு வழியாக, பட்டப்பகலில், டிவி சீரியலின் அழுகைக்கு நடுவே, நீக்கிவிடலாமா என்று அனுமதி கேட்டு நிற்பதை எந்தக் கதையிலும் படித்ததில்லை. 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

பிறகு வரிசையில் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். 'ஆசிரியர் திருப்பி அனுப்பியது', இல்லை. 'சம்சாரம் பார்க்கக் கூடாதது', இல்லை. அவர் போட்டுவைத்த எல்லாமே அதே பதிலைச் சொல்லின. குப்பைத் தொட்டி மட்டும் உடனே திறந்தது.

மனைவியை எழுப்பிப் பார்க்கச் சொன்னேன்.

"எல்லாம் இருக்குங்க. வரிசையா இருக்கு. மூலையில ஒரு குட்டி அம்புக்குறி போட்டு அழகா இருக்கு."

"என்ன அம்புக்குறி?"

"எல்லாப் படத்துலயும் கீழ் மூலையில சின்னதா ஒண்ணு. அண்ணே எப்பவும் அப்பிடித்தானே போடுவாக? நான் டிசைனுன்னு நெனச்சேன்."

இத்தனை வருடமும் என் மனைவி தினம் பார்த்த அந்த அம்புக்குறியை ஸ்க்ரீன் ரீடர் எனக்கு ஒருமுறையும் சொன்னதில்லை. என் முகப்பில் இருந்தது எதுவும் என் எழுத்து இல்லை. எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டும் வழிகாட்டிப் பலகைகள்தான் அவை. ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொன்றின் விவரமும் வரும். ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட், அரைப் பக்க எழுத்துகூடப் பிடிக்காத அளவு. சாமி படத்துக்குப் பின்னால் நான் பத்திரப்படுத்தியது, குப்பைத் தொட்டி போக, நாற்பது பலகைகளை.

விவரத்தில் இலக்கு என்று ஓர் இடம் வரும், பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இடம். எல்லாவற்றிலும் அந்தக் குரல் 'ஈ' என்றே தொடங்கியது. அவர் செருகும் பென் டிரைவுக்கு என் கணினி வைத்த பெயர் அது. சாவி வளையத்தோடு செருகி, சாவி வளையத்தோடு பிடுங்கிப் போன பென் டிரைவ்.

இருபத்தாறாவது ஆள் 'லீவு மாப்பிள்ளை'. இருபத்தேழாவது 'லீவு மாப்பிள்ளை முழுசு'. அதுவரை நான் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது விவரத்தைக் கேட்டேன். 'முழுசு' உருவானது நான் சொல்லி முடித்த அன்று மதியம் பன்னிரண்டு இருபதுக்கு. மற்றது மறுநாள் காலை பத்து பத்துக்கு.

ஒன்று முழுசு என்றால் மற்றது முழுசு இல்லை. அன்று மதியத்துக்கும் மறுநாள் காலைக்கும் இடையில், தன் வீட்டில் உட்கார்ந்து, அவர் எதையோ எடுத்திருக்கிறார். எதை என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பத்திரிகைக்குப் போனது எது என்பதுதான் தெரியவில்லை. அச்சான பிரதி இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன். பழைய பேப்பருக்குப் போட்டாயிற்று என்றாள். பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டு, நான் எழுதியதன் கடைசி வரி என்ன என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்ற தேதிகளும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நின்றன. கட்டுரை வந்த அடுத்த வாரம் ஸ்க்ரீன் ரீடர். என்னைய எதுக்கு எதிர்பாத்துக்கிட்டு. வாரம் மூன்று நாள். பிறகு ஒரு நாள். குருட்டு நண்பன் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று செய்த உதவி என்றுதான் அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சொல்வதை இனி என் கையால் அடிக்கக் கூடாது என்று செய்ததாகவும் இருக்கலாம் அல்லவா? உட்கார்ந்து எழுதும் எல்லாப் பிற்பகலும் விரல் தவறி அந்த மூன்று விசைகளில் விழுந்தது. தவறியா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான். நீக்கிவிடலாமா? இல்லை. நீக்கிவிடலாமா? இல்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன்.

"வண்டிச் சாவில கெடந்த குச்சிதானே? வண்டிய வித்தப்ப கழட்டி மககிட்ட குடுத்துட்டேன் தம்பி. திருமயத்துல இருக்கு. அப்பா நெனவா வச்சிருக்கேன்னுச்சு."

மகள். அந்தக் கேள்வியைக் கேட்டவள்.

திருமயத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது அவள் கேட்டாள்: "எதுக்குங்க இந்த அலைச்சல்? கூரியர்ல போடச் சொன்னா அந்தப் புள்ள போடாதா?"

"அதுக்குள்ள திறந்து பாத்துட்டா?"

"பாத்தா என்ன? ஒங்க காமெடியப் படிச்சுட்டு அழுதுருமா?"

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த வரியை நான் ஊர் சிரிக்க அச்சில் ஏற்றினேனா, இல்லையா? அந்தப் பென் டிரைவை வாங்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கேஷியர் குரலில் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

அவள் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். "வாங்க சித்தப்பா, வாங்க சித்தி. படி இருக்கு, பாத்து. இங்கிட்டு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வீட்டில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று கொலுசோடு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில். அவரும்தான்.

காபி வந்தது. நான் விஷயத்தைச் சொல்லும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒங்க கதைய அப்பா லேமினேஷன் பண்ணிக் குடுத்திருக்காக சித்தப்பா. லீவு மாப்பிள்ளை. இந்தா, செவுத்துல மாட்டியிருக்கேன். வர்றவுககிட்டயெல்லாம், 'இதுல வர்ற கோமாளி நான்தேன்'னு காட்டுவாக. ஆறு டார்ச் லைட்டுன்னு வருமே, அங்க வந்தா அவுகளே சிரிச்சுருவாக."

எனக்கு மூச்சு வந்தது. "கடைசில எப்படி முடியும்? மறந்துபோச்சும்மா" என்றேன்.

அவள் பார்க்காமலே சொன்னாள். "பெட்டிய கயிறு போட்டுக் கட்டுறதோட முடியும். கட்டுனது போதாதுன்னு மேல அவரு உக்காந்துக்கிருவாரு."

அது நான் சொன்ன கடைசி வரிக்கு முந்தைய வரி. கடைசி வரி அச்சில் வரவே இல்லை. வரவில்லை என்பதுகூட ஒன்றரை வருடமாக எனக்குத் தெரியாது. அவர் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். எடுத்துவிட்டதைச் சொல்லவில்லை. மீதியை லேமினேஷன் செய்து மகள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. அந்த நிமிஷமே எழுந்து போயிருக்க வேண்டும். பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டிருக்க வேண்டும்.

"இருங்க சித்தப்பா, இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டு எல்லாத்தையும் ஒங்களுக்கு காப்பி பண்ணித் தாரேன்" என்று அவள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். என் மனைவி பையில் கொண்டுவந்திருந்த எங்கள் பென் டிரைவை அவளிடம் கொடுத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள், பஸ் காட்ட.

"எவ்வளவு கெடக்கு! அட, லீவு மாப்பிள்ளை முழுசுன்னு இன்னொண்ணு இருக்கே."

"அது வேணாம்மா. பழசு."

"பழசுன்னா பாக்கக் கூடாதா? ஒங்களுக்குத்தான் படிச்சுக் காட்ட ஆளில்லையே, நான் படிக்கிறேன்."

"வேணாம்மா. வீட்டுக்குப் போயி என் மெஷின்ல கேட்டுக்கிறேன்."

"அந்த மூக்கடச்ச கொரல்லயா? அப்பா அத மாதிரியே பேசிக் காட்டுவாக. நான் படிக்கிறேன், சும்மா இருங்க."

படித்தாள். நன்றாகப் படித்தாள். அப்பாவின் நிறுத்தங்கள் எல்லாம் அவளிடம் இருந்தன. ஆறு டார்ச் லைட்டுக்குச் சிரித்தாள். மடிக்கணினி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் கையை நீட்டி மூடியிருப்பேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் எழுத்தை இன்னொருவர் குரலில் முதல்முறையாகக் கேட்கிறேன். அது நன்றாக இருந்தது. அந்த நேரத்திலும் ஒரு மூலையில் அப்படித் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

பெட்டியைக் கட்டினாள். மேலே உட்காரவைத்தாள். அந்த வேகத்திலேயே அடுத்த வரியையும் வாசித்துவிட்டாள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்பு தான் கேட்ட கேள்வியை, தான் கேட்டதென்று தெரியாமல், தன் குரலிலேயே.

சிரிப்பு பாதியில் நின்றது.

"இது இதுல இல்லியே" என்றாள். சுவரில் மாட்டியதைச் சொல்கிறாள்.

"ஆமா."

"இது நானா சித்தப்பா?"

இங்கே நான் என் தொழில் திறமை முழுவதையும் காட்டினேன். "சேச்சே. நானா கட்டுனதும்மா. கதைக்காரன் என்னத்தையாச்சும் கட்டிவிடுவான். நல்லால்லைன்னுதான் அப்பா எடுத்துட்டாரு" என்றேன்.

பிறகு கேட்டாள்: "அப்பாதானே இத டைப் பண்ணாக?"

"ஆமாம்மா."

"நீங்க சொல்லச் சொல்லவா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணுமே சொல்லலையா அப்பா?"

நான் கட்டிய கதையை அவள் ஒரு நொடியும் நம்பவில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது. இனி இன்னொன்று கட்ட என்னிடம் எதுவும் இல்லை. "முற்றுப்புள்ளி போடவா, ஆச்சரியக்குறி போடவான்னு கேட்டாரு" என்றேன்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. வாசலில் என் மனைவி, "அந்தா பாரு, பச்சை பஸ்ஸு" என்று சொல்வதும் குழந்தை அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்டன. இருபத்து நான்கு வருடம் அவர் மகளிடம் சொல்லாமல் வைத்திருந்ததை, என் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ள, கீரனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கொடுத்துவிட்டேன். அவர் அந்த வரியை எடுத்தது எனக்காக இல்லை, தனக்காகவும் இல்லை, இவளுக்காக. இது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது.

"மத்ததெல்லாம் ஒங்க குச்சில ஏத்திட்டேன்" என்றாள் கடைசியில். "இது ஒண்ணு மட்டும் ஒங்களுக்கு வேணாம் சித்தப்பா."

"வேணாம்மா."

ஒரு விசை தட்டும் சத்தம் கேட்டது. என்ன விசை என்று தெரியவில்லை. அவள் கணினி பேசாது. அழித்தாளா, வேறு இடத்தில் வைத்துக்கொண்டாளா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் வற்புறுத்தினாள். சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருந்தது. குழந்தை என் கம்பை எடுத்து விளையாடியது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"அடுத்த மாசம் இவுக லீவுல வாராக சித்தப்பா. அந்நேரம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. எழுதுறதுக்கு எதாச்சும் கெடைக்கும்."

பஸ் ஏறி உட்கார்ந்ததும் மனைவியிடம் கேட்டேன்: "கடைசியா அது சொல்லுச்சே, அப்ப சிரிச்சுச்சா?"

"எப்ப?"

"வாசல்ல. லீவுல வாராகன்னு சொன்னப்ப."

"நான் எங்க பாத்தேன். ஒங்க செருப்பத் தேடிக்கிட்டு இருந்தேன். அந்தக் குட்டி தூக்கிட்டுப் போயி மரத்தடியில வச்சிருச்சு." பிறகு என் பக்கம் திரும்பினாள் என்று நினைக்கிறேன். "ஏன், சிரிக்கிற மாதிரி சொல்லலையா?"

மாப்பிள்ளை வந்தார். நாற்பது நாள் இருந்தார். அவளே ஒருமுறை போன் செய்து, "எப்ப வாரீங்க சித்தப்பா?" என்று கேட்டாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது என்றேன், பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன், மனைவிக்கு முட்டிவலி என்றேன். நாற்பதாவது நாள் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருப்பார். எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். அன்று முழுக்க நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.